நாற்பத்தைந்து கிராம் கூடுதல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. பல் டாக்டரின் நாற்காலியில், வாய் நிறைய இளஞ்சிவப்புப் பசையோடு மல்லாந்து கிடந்தபோது காதில் விழுந்தது.

கடைவாய்ப் பல் ஒன்றுக்குத் தொப்பி போட வேண்டும் என்று அச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பசை இறுகும்வரை அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போனோடு வெளியே போய்விட்டார். என் பல்லுக்கு நிறம் பார்க்க, பல் செய்கிற லேபிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் பக்கத்தில் நின்றார். என் முழியைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "நான் ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்கிட்டே இருங்க, நேரம் போயிடும்" என்று ஆரம்பித்தார். முதல் அச்சு சரியாக விழவில்லை, மறுபடி வைத்தார்கள். நல்லவேளை. இல்லையென்றால் கதை பாதியில் நின்றிருக்கும்.

வாய் திறக்க முடியாத ஆளிடம் பேசுவது எவ்வளவு சுகம் என்று அன்றைக்கு அவர் கண்டுகொண்டார். ஒரு கேள்வியும் கேட்க வழியில்லாமல் கதை கேட்பது எவ்வளவு கொடுமை என்று நான் கண்டுகொண்டேன். அதனால், நான் விழுங்கிய கேள்வியும் பேச்சும் இதில் ஆங்காங்கே அடைப்புக்குறிக்குள் கிடக்கும். பதில்கள் என் கைச்சரக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக வாரம் ஒரு பிணம் விழவைத்துப் பிழைக்கிறவன் நான். சிறப்பிதழுக்குக் கதை கேட்ட ஆசிரியர், "இந்த ஒரு தடவை யாரும் சாகக்கூடாது" என்றார். சரி என்றேன். காயமாவது படலாமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

2

தொடக்கம் ஒன்று:

சமையலறை மேடையில் இருபத்துநான்கு உடல்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் வயிறும் பிளந்திருந்தது. சிவப்பாக வழிந்தது ஓரங்களில் கருகி உறைந்திருந்தது. அவள் கையில் இன்னும் கத்தி இருந்தது.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இவை பிஸ்கட்டுகள். சிவப்பாக வழிந்தது ஸ்ட்ராபெர்ரி ஜாம். ஆசிரியர் முதல் வரியிலேயே கூப்பிடுவார். அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு:

கிரீம் சீஸ் என்பது பாலைப் புளிக்கவைத்து, நீரை வடித்து, மென்மையாக

போதும். எனக்கே கொட்டாவி வருகிறது.

தொடக்கம் மூன்று:

பதினோரு வருஷமாக அவள் மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுத்தாள். நல்ல பல்லுக்கு ஒரே ஒரு அடையாளம்தான்: அது பொய்ப்பல் என்று யாருக்கும் தெரியக்கூடாது.

இதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் பதினோரு வருஷம் உளி பிடித்த சிற்பி மாதிரி உட்கார்ந்து, மெழுகிலும் பீங்கானிலும் அத்தனை நுணுக்கமாக வேலை செய்கிறாள். அந்த வேலையை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்றால்தான் அவளுக்குப் பாராட்டு. கவனித்துவிட்டால் தோல்வி. அவளுக்கு ஒரு நாள், எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்து "இதை யார் பண்ணினது?" என்று கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்யவேண்டும் என்று தோன்றாதா? தோன்றியது.

அதனால் இதையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

3

கதை சொன்ன அந்தப் பெண்மணியைத்தான் அவள் என்கிறேன். அவளை வீட்டில் தராசு என்று கூப்பிடுவார்கள். டீக்குப் பாலைக்கூட நிறுத்து ஊற்றுகிறாள் என்று கொழுந்தன் வைத்த பெயர். அவளுக்கும் அது பிடித்துப்போனது. லேபில் பவுடர் அரை கிராம் கூடினால் அச்சு வெடிக்கும். அந்தப் பழக்கம் சமையலறைக்கும் கூடவே வந்துவிட்டது.

அவள் செய்தது ஜாம் வைத்த பிஸ்கட். கிரீம் சீஸ் இருநூறு கிராம், வெண்ணெய் இருநூறு, மைதா இருநூற்றைம்பது, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் மாவு. அதிகம் பிசையாமல் ஒன்றுசேர்த்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் மெல்லிசாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, நடுவில் கெட்டியான ஜாம் கொஞ்சம் வைத்து, எதிரெதிர் முனைகள் இரண்டையும் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். சூடான ஓவனுக்குள் பதினைந்து நிமிடம். வெளியே வரும்போது அந்தப் போர்வை கலைந்திருக்கக் கூடாது. கலைந்தால் ஜாம் பொங்கி வெளியே ஓடிவிடும்.

மாவில் சர்க்கரை கிடையாது. மறதி இல்லை, செய்முறையே அப்படி. இனிப்பு முழுக்க ஜாமில். வெளியே சீஸின் லேசான புளிப்பும் உப்பும், உள்ளே தித்திப்பு. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் இதற்குள்தான் இருக்கிறது.

(குற்றம் என்று எழுதியதும் விரலுக்கே ஒரு தெம்பு வருகிறது. பழக்கதோஷம்.)

முதல் தட்டை அவள் செய்தபோது வீட்டில் யாரும் இல்லை. மாமியாரும் வீட்டுக்காரரும் கொழுந்தனும் மூன்று நாள் வெளியூர் போயிருந்தார்கள். இருபத்துநான்கும் வாயை மூடிக்கொண்டு பொன்னிறமாக வெளியே வந்தன. தெருமுனை பேக்கரிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதலில் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பிறகு தின்றார். பிறகு இன்னொன்றையும் தின்றார். அவருடைய பெரிய அடுப்பு வாரத்தில் மூன்று நாள் காலையில் சும்மா கிடக்கிறதாம். அதை அவளுக்குக் கொடுக்கலாம், கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு இடமும் கொடுக்கலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

"ஒரு தடவை யார் வேணும்னாலும் நல்லா பண்ணிடலாம்மா. கடைக்கு வேண்டியது ருசி இல்ல. அதே ருசி. இதே மாதிரி இன்னொரு தட்டு கொண்டு வா."

(இதைக் கேட்டபோது, வாயில் பசை இல்லாவிட்டால், எழுந்து அந்த மனுஷருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். தொடர்கதை எழுதுகிறவனுக்கு இதைவிடச் சரியாக யாரும் பாடம் நடத்தியதில்லை.)

இரண்டாவது தட்டு கையை விரித்தது. இருபத்துநான்கில் பத்தொன்பது ஓவனுக்குள்ளேயே திறந்துகொண்டு, ஜாமைக் கக்கிவிட்டுப் பரந்து கிடந்தன. அதே எடை, அதே ஓவன், அதே ஜாம். பேக்கரிக்காரர் பரவாயில்லை என்றார். மூன்றாவது தட்டில் இருபத்துநான்கும் போயின. பேக்கரிக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பஃப் போடுகிற ஒருத்தரும் அந்த அடுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், வருகிற சனிக்கிழமை பதினோரு மணிவரை பார்ப்பேன், அதற்கு மேல் அவருக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் நடந்து முடிய நான்கு மாதம். இந்த நான்கு மாதத்தில் தராசுக்கு அடுப்பு போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம்தான். பெரிய பயம் வேறு. தன் கையையே அவள் நம்பாமல் போய்விட்டாள். லேபில் பல் செதுக்கும்போதும், முடித்ததை நான்கு தடவை அளக்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் ஒரு தடவைதான்.

4

இங்கே எனக்கு ஒரு வில்லன் வேண்டும்.

பஃப்காரரைத்தான் முதலில் பிடித்தேன். ஒல்லியாக, இரு விரலில் சிகரெட் இடுக்கிக்கொண்டு, பின்கதவு வழியாகத் தராசு வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிறார். கையுறை போட்டிருக்கிறார். ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறது. வெளிச்சம் அவருடைய முகத்தில்

இல்லை. அடித்துவிட்டேன். அந்த மனுஷர் பாவம், வாழ்க்கையில் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

பிறகு வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். துப்பறியும் கதையில் முதலில் கணவனைத்தான் சந்தேகப்பட வேண்டும், அது தொழில் தர்மம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாளெல்லாம் அடுத்தவரை மேலே ஏற்றி இறக்குவார். வீட்டில் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் நடு மாடியில் நின்றுவிடுவார். அவருக்கு மனைவி முன்னேறுவது பிடிக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒட்டவே இல்லை. பேக்கரியில் அவள் பெயருக்கு ஒரு தட்டு வரும் என்றதும், அந்தக் கண்ணாடி அலமாரியின் கீல் சத்தம் போடுகிறது என்று எண்ணெய் விட்டு வந்தவர் அவர். அந்தப் பத்தியையும் கிழித்தேன்.

ஆகவே வில்லன் இல்லை. சஸ்பென்ஸும் வைக்கப்போவதில்லை. நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் தட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மாவு ஃபிரிட்ஜுக்குள் போனதும், மாமியார் நகநுனி அளவு ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். இனிப்பே இல்லை. மருமகள் சர்க்கரை போட மறந்துவிட்டாள் என்று அவருக்குத் திக்கென்றது. மாமியார் ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். முப்பது வருஷம் அத்தனை பேருடைய ரகசியத்தையும் காதில் வாங்கி, ஒன்றையும் வெளியே விடாதவர். இதையும் விடவில்லை. தாளைப் பிரித்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி, நன்றாகப் பிசைந்து, பழையபடி சுற்றி வைத்துவிட்டார். மணி சாயங்காலம் ஆறு.

ஏழரைக்கு வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். ஒரு கிள்ளு. அந்த ஒரு ஸ்பூன் சர்க்கரை அத்தனை மாவில் எங்கே தெரியப்போகிறது? மறந்துவிட்டாள் என்று அவரும் நினைத்தார். ஒரு ஸ்பூன்.

காலை ஐந்தரைக்குக் கொழுந்தன். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அடுத்தவர் தப்பு செய்வதற்கு ஒரு நொடி முன்னால் காப்பாற்றுவதுதான் அவனுடைய பிழைப்பு. ஒரு கிள்ளு. ஒரு ஸ்பூன்.

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணியின், மருமகளின், மனைவியின் மானத்தைத் தான் மட்டும் காப்பாற்றிவிட்டதாக ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்.

மூன்று கைச்சூடு, மூன்று பிசைதல், மூன்று ஸ்பூன். சர்க்கரை சூட்டில் உருகி மாவைத் தளர்த்தும். தளர்ந்த மாவு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்காது. அதுதான் விஷயம்.

(கேள்வி: அவள் ஏன் ஒரு தடவைகூட மாவை ருசி பார்க்கவில்லை? இதற்கு மட்டும், நான் கேட்காமலே, கதை சொன்ன பெண்மணியே பதில் சொன்னார். லேபில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, கையில் இருப்பது வாய்க்குப் போகக்கூடாது என்பதுதான். பதினோரு வருஷப் பழக்கம். வெந்த பிறகு தின்றபோது இனித்தது உண்மைதான். அது வழிந்த ஜாம் என்று நினைத்துக்கொண்டாராம்.)

5

சனிக்கிழமை காலை. மணி எட்டு.

தராசு ஃபிரிட்ஜிலிருந்து மாவை எடுத்தாள். முந்தின நாள் மாலை உள்ளே வைக்கும்போது அறுநூற்று நாற்பத்தாறு கிராம் என்று காலண்டர் ஓரத்தில் எழுதியிருந்தாள். பாத்திரத்தில் ஒட்டியது போக அவ்வளவு. இதைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தேய்க்கும்போது மறுபாதியைக் குளிரிலேயே வைத்திருக்கலாம் என்று இந்தத் தடவை ஒரு யோசனை. மாவு சூடாகிவிடுவதால்தான் திறந்துகொள்கிறதோ என்று சந்தேகம்.

ஒரு துண்டு வெட்டி நிறுத்தாள். கொஞ்சம் கிள்ளி எடுத்தாள், கொஞ்சம் ஒட்டினாள். முந்நூற்று இருபத்துமூன்று. சரிபாதி.

மிச்சத்தையும் ஒப்புக்கு ஒரு தடவை தராசுத் தட்டில் வைத்தாள்.

முந்நூற்று அறுபத்தெட்டு.

(பத்திரிகையாக இருந்தால் இங்கே 'தொடரும்' போட்டு ஒரு வாரம் காத்திருக்க வைத்திருப்பேன். கை அரிக்கிறது.)

தராசைத் துடைத்தாள். பூஜ்யம் வைத்து மறுபடி நிறுத்தாள். அதே எண். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தாள். லேபில் தினமும் சரிபார்க்க வைத்திருக்கிற மாதிரி ஒரு நூறு கிராம் எடைக்கல் அவளிடம் இருந்தது. அதை வைத்துப் பார்த்தாள். சரியாக நூறு காட்டியது.

தராசில் தப்பு இல்லை. காலண்டரில் எழுதினது அவள் கையெழுத்துதான். அப்படியென்றால் மாவு, ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்தபடியே, நாற்பத்தைந்து கிராம் கூடியிருக்கிறது.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் கையில் இருந்ததை வாயில் வைத்தாள்.

இனித்தது.

இந்த இடத்தில் அவள் கோபப்பட்டதாக முதலில் எழுதியிருந்தேன். உருட்டுக்கட்டையை ஓங்கி மேடையில் அடிப்பதாக. அது பொய். அவர் சொன்னது வேறு. ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் சிரித்தாராம். நான்கு மாதமாகப் பாரம் வைத்த மாதிரி இருந்த தோள் லேசானதாம். கையில் தப்பு இல்லை. இத்தனை நாளும் இல்லவே இல்லை.

6

பிறகு மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

விசாரணைக் காட்சி. இருபத்திரண்டு வருஷமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு சின்ன சமையலறை, மூன்று சந்தேக நபர்கள், மேடையில் தடயம். மாமியார் கதவோரம். வீட்டுக்காரர் ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கொழுந்தன் நின்றபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டு.

தராசு குரலை உயர்த்தவில்லை. "இந்த மாவை யார் தொட்டது?"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"நான்தாம்மா."

வீட்டுக்காரர் பதறிப்போனார். தன்னைக் காப்பாற்றத்தான் அம்மா பழியைச் சுமக்கிறார் என்று நினைத்துவிட்டார். "அம்மா, நீ சும்மா இரு. நான்தான் போட்டேன்."

"என்னடா போட்டே?"

"சர்க்கரை."

"நான்தானேடா சர்க்கரை போட்டேன்."

கொழுந்தனுக்குத் தன் வீட்டார்மேல் அன்று வந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. தனக்காக இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "அண்ணி, இவங்க ரெண்டு பேரும் எனக்காகச் சொல்றாங்க. போட்டது நான்."

அந்தச் சமையலறையில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்க ஆரம்பித்தது.

தராசு எத்தனை ஸ்பூன் என்று கேட்டாள். ஆளுக்கு ஒன்று என்றார்கள். குவித்தா, தட்டியா என்று கேட்டாள். குவித்து. அவள் சர்க்கரை டப்பாவில் ஸ்பூனை விட்டு, குவித்து எடுத்து, தராசில் கொட்டினாள். பதினைந்து கிராம்.

"சரியா இருக்கு" என்றாள்.

போன தடவையுமா என்று கேட்டாள். போன தடவையும். அதற்கு முந்தின தடவையும். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, வழக்கம்போல நடு மாடியில் நின்றார். கொழுந்தன், போன வாரம் சர்க்கரை டப்பா சீக்கிரம் காலியானபோதே தனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. மாமியார்தான் அருகில் வந்தார்.

"நீ மறந்துட்டேன்னு நினைச்சேன். சொன்னா உன் முகம் விழுந்துடுமேன்னு சொல்லல."

"நாலு மாசமா விழுந்துதானே கிடக்கு அத்தை. அதையும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க."



இந்த இடத்தில் மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு கண் கலங்குவதாக நான்கு வரி எழுதியிருந்தேன். படிக்க இதமாக இருந்தது. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. கதை இந்த இடத்தில் கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே என்று நானாக ஒரு ஸ்பூன் போட்டுவிட்டேன். எடுத்துவிட்டேன். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபத்தைந்து. "பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கா?" என்று கேட்டார்.

7

இருந்தது. மயிரிழையில்.

லேபில் எந்தப் பொருளும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று கெட்டால் இன்னொன்று. அந்தப் பழக்கத்தில் இன்னொரு டப்பா கிரீம் சீஸும் அவள் வாங்கி வைத்திருந்தாள். எட்டு நாற்பதுக்குப் புது மாவு தயார். ராத்திரி முழுக்கக் குளிரவைக்க நேரம் இல்லை. அதனால் உருண்டையாகப் பிடிக்காமல், அப்பளம் போலத் தட்டையாக அமுக்கி, ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் குளிரும். ஒரு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "மறக்கவில்லை. தொடாதீர்கள்."

மூன்று பேரையும் ஹாலுக்கு அனுப்பிவிட்டாள். வரிசையாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டார்கள். கொழுந்தன் தண்ணீர் குடிக்க எழுந்தால் இரண்டு பேர் கூடவே எழுந்தார்கள்.

(இங்கே கொழுந்தனை மறுபடி ஃபிரிட்ஜ் பக்கம் அனுப்பிப் பார்த்தேன். டீ ஸ்பூன் அளவுக்காவது. கதையில் ஒரு பதற்றம் வேண்டாமா? போக மாட்டேன் என்றுவிட்டான். பாத்திரங்கள் சில சமயம் எழுதுகிறவனைவிட மரியாதை தெரிந்தவர்கள்.)

ஒன்பது நாற்பதுக்கு மாவை எடுத்தாள். மறக்காமல் நிறுத்தாள். கிராம் பிசகவில்லை. பாதியை வெட்டித் தேய்த்தாள், அது முடிந்ததும் மறுபாதியை. சதுரம், ஜாம், முனை, முனை. முனை சேருகிற இடத்தில் நுனிவிரலால் ஒரு சொட்டுத் தண்ணீர். பல்லை ஈறோடு பொருத்துகிற அதே விரல். இருபத்துநான்கு.

பத்து பதினைந்துக்குத் தட்டு ஓவனுக்குள் போனது.

ஓவன் கதவில் ஒரு கண்ணாடி. அதற்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் மூன்று பேரும் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் மாவு பளபளத்தது. எட்டாவது நிமிடத்தில் ஜாம் கொதிக்க ஆரம்பித்து, முனைகளுக்கு அடியில் குமிழ் விட்டது. போன இரண்டு தடவையும் இந்த எட்டாவது நிமிடத்தில்தான் முதல் போர்வை கலைந்தது.

ஒன்பது.

பத்து. வலது ஓரத்தில் ஒன்று லேசாக அசைந்தது. வீட்டுக்காரர் மனைவியின் தோளைப் பிடித்தார். கொழுந்தன் பிரேக்கை அழுத்தி மிதித்தான்.

அது திறக்கவில்லை. உள்ளே ஜாம் ஒரு தடவை முட்டிப் பார்த்துவிட்டு அடங்கிப்போனது.

பதினைந்தாவது நிமிடத்தில் கதவைத் திறந்தாள். இருபத்துநான்கும் வாயை மூடிக்கொண்டிருந்தன. மாமியார் மெதுவாக, போனில் பேசுகிற குரலில், "நாங்க இதுல ஒண்ணுமே பண்ணலயே" என்றார். அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்த மாதிரிதான் இருந்தது.

8

பத்து ஐம்பத்தைந்துக்குத் தராசு பேக்கரிக்குள் நுழைந்தாள். கூட யாரும் வரவில்லை. வருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டாள்.

பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பின் சூடு கடை முழுக்க இருந்தது. அவள் தட்டை வைத்து மூடியை எடுத்தாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். மூடியிருந்த முனையைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. ஓரத்தில் ஒரு கடி கடித்தார். மென்றார்.

இந்த இடத்துக்கு என் நோட்டில் மூன்று முடிவுகள் இருந்தன.

முடிவு ஒன்று: அவர் ஒன்றும் பேசாமல் கடைச் சாவியை எடுத்து அவள் கையில் வைக்கிறார். வெளியே ஒளிந்து நின்ற மூன்று பேரும் ஓடி வருகிறார்கள். (ரொம்பவும் தித்திப்பு.)

முடிவு இரண்டு: "நேத்தே பஃப்காரருக்குச் சொல்லிட்டேம்மா." அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறாள். (சிறப்பிதழுக்கு ஆகாது. எனக்கும் மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்கள் செருக, மெல்ல முன்பக்கமாகச்

அடித்துவிட்டேன். ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றையும் அடித்ததற்குக் காரணம், உண்மையில் நடந்தது இவற்றில் எதுவும் இல்லை என்பதுதான். பேக்கரிக்காரர் மென்றுகொண்டே கூரையைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு, அனுபவசாலிகள் தப்பைச் சுட்டிக்காட்டும்போது குரலில் வருகிற அந்தப் பரிவோடு கேட்டார்:

"சர்க்கரை போட மறந்துட்டியாம்மா?"

போன வாரம் கேட்டிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மன்னிச்சுக்கோங்க என்றிருப்பாள். அடுத்த தடவை போட்டுக் கொண்டுவருகிறேன் என்றிருப்பாள். வீட்டுக்குப் போய் நான்கு தடவை அளந்திருப்பாள். மூன்று பேர் ரகசியமாகச் செய்ததை, நான்காவது ஆளாக அவளே செய்திருப்பாள்.

அன்றைக்கு அவள் அப்படிச் சொல்லவில்லை. தட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

"இல்லண்ணே. மறக்கல. நீங்க இன்னும் ஜாமுக்கே வரல."

பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த பாதி பிஸ்கட்டைப் பார்த்தார். முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிற மனுஷரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. பிறகு, அதுவரை ஓரத்திலேயே நின்றிருந்த பல்லை, நடுவுக்குக் கொண்டுபோனார்.

9

பேக்கரிக்காரர் அப்புறம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்மணி அதையும் எனக்குச் சொன்னார். எழுதப்போவதில்லை.

கைப்பிரதியைப் படித்துவிட்டு ஆசிரியர் போன் செய்தார். கடைசிப் பக்கம் விட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். வந்தது அவ்வளவுதான் என்றேன். வாசகர்கள் கடிதம் போட்டுத் திட்டுவார்கள் என்றார். போடட்டும் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக யார் கொன்றது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை அவர்கள் சொல்லட்டுமே.

ஆகவே, வாசகரே, இரண்டாவது கடி உங்களுடையது. அடுப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்கிறீர்களா, தாராளமாக. பஃப்காரருக்கே போய்விட்டது, அவள் வேறு கடை தேடிப் போனாள் என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பஃப்காரரும் அவளும் ஆளுக்கு ஒன்றரை நாள் என்று பிரித்துக்கொண்டார்கள் என்று யாராவது எழுதினால், எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எந்த முடிவை எழுதினாலும், "மறக்கல" என்று அவள் சொன்ன அந்தச் சொல்லோடு ஒன்றையும் சேர்க்காதீர்கள். ஒரு தயக்கம், ஒரு புன்னகை, ஒரு மன்னிப்பு, எதையும். அவள் அதை நிறுத்துத்தான் வைத்தாள்.